ஒரே சாயங்காலத்துல முடியுற கேமுக்கு இம்புட்டு காசாண்ணே?

கேள்வி: அண்ணே, கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் ஆன்லைன் கடைல ‘வெண்பா’ வாங்குனேன். நம்ம தமிழ்க் குடும்பத்தப் பத்தின கேம்னு ஆசையா வாங்குனது. சாயங்காலம் உக்காந்தேன், நைட்டு சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. கூட கொஞ்சம் போட்டிருந்தா சேல்ல ‘விட்சர் 3’ வாங்கிருக்கலாம், நூறு மணி நேரம் ஓடும்னு ரூம்மேட்டு கலாய்க்கிறான். மணிக்கு எத்தன ரூபானு கால்குலேட்டர்ல போட்டு வேற காட்டுறான். நான் ஏமாந்துட்டேனா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: ஏமாறல தம்பி. அதுக்காக ஒங்க ரூம்மேட்ட முட்டாள்னும் சொல்ல மாட்டேன், கைல காசு கம்மியா, லீவு நெறயா இருக்குற வயசுல அந்தக் கணக்கு வரத்தான் செய்யும், ஒரே கேம வச்சு மே மாசத்த ஓட்டணும்னா நீளமாத்தான் தேடுவோம். ஆனா அந்த கால்குலேட்டர்ல ஒரு சைபர் ஒளிஞ்சிருக்கு, அதப் பாருங்க. வெலைய மணியால வகுக்கும்போது ஒங்க நேரத்துக்கு வெல சைபர்னு நீங்களே ஒத்துக்கிட்டுத்தான் வகுக்குறீங்க.

ஒங்களுக்கு முந்தின செட்டு மதுரைல பிரவுசிங் சென்டர்லதான் கேம் ஆடுச்சு, அங்க மணிக்குக் காசு. ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ 2002ல வந்தது, அத அங்க உக்காந்து மிஷன் மிஷனா முடிச்சவன் யாராச்சும் இருந்தா காட்டுங்க பாப்போம். ஸ்கிரீன் ஓரத்துல டைமர் ஓடிக்கிட்டே இருக்கும், அண்ணன் கவுண்டர்ல இருந்து “அஞ்சு நிமிசம்தான்டா இருக்கு”னு சத்தம் குடுப்பாரு, இதுல எவன் கதை கேப்பான், சீட் கோடு அடிச்சு டேங்க் எறக்கிட்டு ரோட்டுல போறவன் வர்றவனையெல்லாம் ஏத்திட்டுப் போயிருவோம். அங்க கேம் நீளமா இருந்தா அது செலவு. அதே கேம் வீட்டு கம்ப்யூட்டருக்கு வந்ததும் அதே நீளம் லாபமாயிருச்சு. கேம்ல ஒண்ணும் மாறல, நாம காசு குடுக்குற விதந்தான் மாறுச்சு.

நூறு மணி நேரம்னா அதுக்குள்ள என்ன கெடக்குனு பாக்கணும். ‘செல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ல 900 கொரோக் விதை ஒளிச்சு வச்சிருப்பான். அதக் குடுத்தா சாமான் வைக்குற பை பெருசாகும், முழுசா பெருசாக்க 441 போதும், பாதிக்கும் கீழ. இல்ல 900மும் எடுத்தே தீருவேன்னு நிண்டா கடைசில கெடைக்குறது தங்கக் கலர்ல சுருண்டு நிக்கிற ஒரு சாணி. நெசமாத்தான், ‘இதுக்காடா இவ்வளவு பாடுபட்ட’னு செஞ்சவனே கிண்டல் பண்றான். நிண்டெண்டோக்காரன் அத ஜோக்காவாச்சும் வச்சான், மத்த கம்பெனிக்காரனுக இதையே சீரியசா மேப்பு பூராம் புள்ளி புள்ளியா தெளிச்சு விட்டு அதையும் மணிக்கணக்குல சேத்துக்கிறான்.

ரூம்மேட்டு சொல்ற விட்சர் அந்த ரகம் இல்ல, ஒத்துக்கிறேன். ஊருக்கு வெளிய ஒரு கெணத்துல பேய் இருக்குனு சின்ன வேல குடுத்தாக் கூட அதுக்குப் பின்னாடி ஒரு கதை எழுதி வச்சிருப்பான், அது நல்ல நீளம். ஆனா அந்த கேமுக்கே அப்பறமா ரெண்டு எக்ஸ்பான்ஷன், அதாவது தனியா விக்கிற கூடுதல் கதை, வந்துச்சு, ஒண்ணு பத்து மணி நேரம், இன்னொண்ணு இருவதுனு கம்பெனியே சொல்லித்தான் வித்துச்சு. எனக்குப் புடிச்சது அந்தப் பத்து மணி நேர ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’தான், அதுல சும்மா அலைய விட்ட எடம்னு ஒண்ணு கெடையாது.

இப்ப வெண்பாவுக்கு வாங்க. 1980கள்ல கனடாவுக்குப் போன ஒரு அம்மா, அவுங்க அம்மா எழுதிக் குடுத்த சமையல் நோட்டு, அதுல பாதி கிழிஞ்சும் அழிஞ்சும் கெடக்கு. இட்லித் தட்ட எப்பிடி அடுக்கணும்ங்குற வரி இல்ல, நாமளே யோசிச்சு அடுக்கணும். ரேடியோல பாட்டு ஓடுது. பாத்துக்கிட்டு இருக்கும்போதே பையன் வளந்து வேற ஆளாயிருறான், வருசம் கடகடனு ஓடுது. இத இருவது மணி நேரத்துக்கு இழுக்கணும்னா என்ன பண்ணுவான், நாப்பது தடவ மாவு ஆட்ட விடுவான், வேற வழி? டொராண்டோல ஒரு சின்ன டீம் செஞ்சு 2023ல விட்டது, மறு வருசமே முதல் முயற்சிக்கான பாஃப்டாங்குற பிரிட்டிஷ் அவார்டு வாங்குச்சு, அம்புட்டு நீளந்தான் அதுக்கு சரி. வெளிநாட்டுல அத 15 டாலருக்கு விட்டானுக. நம்மூரு காலேஜ் பையன் பாக்கெட்டுக்கு வெல ஜாஸ்தினு சொல்லுங்க, ஒத்துக்குறேன், சேல் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம். நீளம் பத்தாதுனு சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன், அது வேற புகார்.

கேள்வி: “எங்க கேம் இத்தன மணி நேரம் ஓடும்”னு கம்பெனியே சொல்றானே, அத நம்பி வாங்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: ‘டையிங் லைட் 2’ கூத்து தெரியுமா? 2022 ஜனவரில, ரிலீசுக்குக் கொஞ்சம் முன்னாடி, டெக்லேண்ட்னு போலந்து கம்பெனி, கேம முழுசா முடிக்க 500 மணி நேரம் ஆகும், கிட்டத்தட்ட வார்சால இருந்து மாட்ரிடுக்கு நடந்தே போற நேரம்னு பெருமையா ட்விட்டர்ல போட்டுச்சு. சனம் சந்தோசப்படும்னு நெனச்சிருப்பானுக. “வேலைக்குப் போறவன் எப்படா முடிக்கிறது”னு திட்டு விழுந்ததும் பதறிப் போயி, இல்ல இல்ல மெயின் கதை 20 மணி நேரந்தான், சைடு வேலையும் சேத்தா 80, அந்த 500 எல்லாம் மூல முடுக்கு ஒண்ணு விடாம பாக்குறவனுக்குனு வெளக்கம் குடுத்தானுக. 500க்கும் 20க்கும் நடுவுல எம்புட்டு எடைவெளி பாருங்க, ரெண்டுமே ஒரே கேமுக்குச் சொன்ன கணக்கு.

நமக்கு இது புதுசும் இல்ல. சின்ன வயசுல டிவி கேம் கேசட்டு மேல ‘999999 இன் 1’னு போட்டிருக்கும்ல, உள்ள போட்டா மரியோ, கான்ட்ரானு ஒரு கைல எண்ணுற அளவுக்குத்தான் இருக்கும், மிச்சமெல்லாம் அதே கேமு வேற லெவல்ல இருந்து ஆரம்பிக்கும். அந்த மரியோ மொத்தமே 40 கேபிதான், நல்லா ஆடுறவன் அஞ்சு நிமிசத்துக்குள்ள முடிச்சிருறான், ஆனா நமக்கு ஒரு லீவு பூராம் ஓடுச்சு. எடம் பத்தாம கேம கஷ்டமாக்கி நேரத்த இழுத்த காலம் அது. லேபிள்ல இருக்குற எண்ண விட்டுட்டு, ஹவ்லாங்டுபீட் சைட்ல ஆடுனவங்களே போடுற சராசரியப் பாருங்க.

கேள்வி: சின்ன கேமா இருந்தா முடிச்சிட்டு ரீஃபண்ட் போட்டா காசு வந்துருது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பண்றாங்க. தப்பாண்ணே?
— பேர் வேணாம், அண்ணா நகர்

பதில்: பேர் வேணாம்னு போட்டப்பவே ஒங்களுக்குப் பதில் தெரியுதே! ஸ்டீம்ல வாங்கி 14 நாளைக்குள்ள, ஆடுனது 2 மணி நேரத்துக்குள்ளனா என்ன காரணம் சொன்னாலும் தருவான், அது 2015ல இருந்து இருக்கு. கேம் ஓடல, கிராஃபிக்ஸ் கார்டு தாங்கல, புடிக்கல, இதுக்கெல்லாம் தாராளமா போடுங்க, அதுக்குத்தான் அந்த ரூலு. முடிச்சு, ரசிச்சு, நல்லா இருக்குனு ரிவ்யூவும் போட்டுட்டு காசத் திருப்பிக் கேக்குறது வேற. ‘சம்மர் ஆஃப் 58’னு ஒரு பேய் கேம், 2021ல வந்தது, ரெண்டு மணி நேரம் கூட ஓடாது. ஆடுனவன் புடிச்சிருக்குனே எழுதுறான், ஆனா ரீஃபண்ட் குமியுது. செஞ்ச ஆளு எனக்கு அடுத்த கேம் செய்யக் காசு இல்ல, கொஞ்ச காலம் ஒதுங்கிக்கிறேன்னு சொல்லிட்டாரு. இப்பிடியே போனா 80 நிமிசத்துல சொல்ல வேண்டியத, அந்த ரெண்டு மணி நேரக் கோட்டத் தாண்டணும்ங்குறதுக்காகவே வளவளனு இழுப்பானுக. அடிக்கடி இதே வேலையாத் திரிஞ்சா ஸ்டீம்காரனும் ரீஃபண்ட நிப்பாட்டிருவான், அத அவன் ரூல்லயே எழுதி வச்சிருக்கான்.

கேள்வி: தம்பி, எம் பையன் பத்தாவது. “காசு குடுத்து கேம் வாங்குறதே வேஸ்ட்டும்மா, நான் ஆடுறது ஃப்ரீ, முடியவே முடியாது”ங்குறான். அப்ப அதுதான லாபம்?
— ஒரு அம்மா, வில்லாபுரம்

பதில்: முடியவே முடியாதுங்குறது லாபம் இல்லக்கா, அதுதான் அவனுக யாவாரமே. பிஜிஎம்ஐ மாதிரி போன்ல ஆடுற துப்பாக்கிச் சண்ட கேம்ல சீசன் மாறிக்கிட்டே இருக்கும், தெனம் ஒரு மிஷன், இன்னைக்கு உள்ள வரலைனா அது போச்சு. ஆட்டம் ஃப்ரீதான், சட்டைக்கும் துப்பாக்கிக்கும் போடுற கலருக்குத்தான் காசு, அதையும் ரூபாயாக் காட்ட மாட்டான், யூசினு ஒண்ணா மாத்திக் காட்டுவான், எம்புட்டு போச்சுனு புள்ளைக்கு ஒறைக்காது. பையனத் திட்டாதீங்க, கூட்டாளிகளோட பேசிச் சிரிச்சு ஆடுறதும் ஒரு சந்தோசந்தான். ஒங்க போன்ல ப்ளே ஸ்டோர தொறந்து, வாங்குனதோட ஹிஸ்டரிய ஒரு தடவ பாத்துருங்க, அப்பறம் ஒவ்வொரு தடவ வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி செட்டிங் இருக்கு, அதப் போட்டு விடுங்க. அந்த பாஸ்வேர்டு பையனுக்குத் தெரியக் கூடாது, அதச் சொல்லவே வேணாம்.

கேள்வி: கடை சாத்திட்டு வீட்டுக்கு வர பத்து மணி ஆயிருது. புள்ளைக தூங்குன பெறகு ஒரு மணி நேரம் கெடைக்கும். ‘ரெட் டெட் 2’ வாங்கி வருசக் கணக்காச்சு, ஒவ்வொரு தடவையும் எந்த பட்டன் எதுக்குனே மறந்து போகுது. நமக்கு ஏத்த கேம் சொல்லுங்க.
— கடைக்காரர், மேலூர்

பதில்: அண்ணே, அத அப்பிடியே வைங்க, பொங்கலுக்குக் கடை லீவு விட்டா எடுத்துக்கலாம். ஒங்களுக்கு நாலு மணி நேரத்துல முடியுற கேமா பாத்து வாங்குனா ஒரு வாரத்துல கதையே முடிஞ்சிரும். ‘போர்ட்டல்’ 2007ல வந்தது, பழைய லேப்டாப்புலயும் ஓடும், சொவத்துல ஓட்ட போட்டு அங்கிட்டு நொழஞ்சு இங்கிட்டு வர்ற புதிரு. ‘ஃபயர்வாட்ச்’ல காட்டுல ஒரு டவர்ல காவலுக்கு இருந்துக்கிட்டு, காட்டச் சுத்தி நடந்துக்கிட்டே வாக்கி டாக்கில ஒரு அம்மாவோட பேசணும், இங்கிலீஷ்ல பேச்சு ஜாஸ்தி, சப்டைட்டில் போட்டுக்கங்க. ‘இன்சைட்’ல வசனமே கெடையாது, பெரும்பாலும் வலது பக்கமா போயிக்கிட்டே இருக்கணும், குதிக்க ஒண்ணு, புடிச்சு இழுக்க ஒண்ணுனு ரெண்டே பட்டன்தான், மறக்குற பிரச்சனையே இல்ல, நான்னா இதுலதான் ஆரம்பிப்பேன். ஹெட்போன் மாட்டிக்கங்கண்ணே, நாய் தொரத்துற எடம் ஒண்ணு வரும், புள்ளைக முழிச்சுக்கும்.