கேள்வி பதில்: கலிபோர்னியாவில் கஞ்சா அட்டை எடுக்கலாமா?

கேள்வி: கீமோ முடிந்தும் என் கணவருக்குக் கால் எரிச்சல் நிற்கவில்லை, ராத்திரி தூக்கமே இல்லை. மருத்துவக் கஞ்சாவுக்கு டாக்டர் கடிதம் தருகிறேன் என்கிறார். நோயாளி அடையாள அட்டையும் எடுத்துவிட்டால் சட்டச் சிக்கல் வராதுதானே? கிரீன் கார்டில் இருக்கிறோம், அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்.
– பெயர் வேண்டாம், ஃப்ரீமான்ட்

பதில்: சகோதரி, அட்டைக்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கடையில் ஒரு பொட்டலம் வாங்குவதற்கு முன்னாலேயே.

அந்த அட்டையைக் கவுன்ட்டி சுகாதாரத் துறை கொடுக்கிறது. அதில் உங்கள் வீட்டுக்காரரின் படமும் ஒரு எண்ணும் இருக்கும், பெயர் இருக்காது. போலீஸ்காரர் அந்த எண்ணை வைத்து அட்டை செல்லுமா என்று சரிபார்த்துக்கொள்வார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கட்டாயம் கிடையாது. 2016-இல் மக்கள் வாக்களித்துச் சட்டம் மாறியதிலிருந்து 21 வயதானவர் யாரும் அட்டையில்லாமலே வாங்கலாம், அட்டை வைத்திருப்பவருக்கு விற்பனை வரி மட்டும் இல்லை.

ஆனால் இதெல்லாம் மாநிலச் சட்டம். குடியுரிமை தருவது மத்திய அரசு, அதன் சட்டம் 1970-இலேயே கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட போதைப்பொருள்களின் முதல் பட்டியலில் வைத்தது. 2002-இல் டயான் மான்சன் என்ற கலிபோர்னியா நோயாளியின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தபோது, இங்கே இது சட்டப்படி சரிதான் என்று உள்ளூர் ஷெரிஃப் துறையினரே சொன்னார்கள். மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு மத்திய அதிகாரிகள் அவருடைய ஆறு செடிகளையும் பிடுங்கி அழித்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2005-இல் மத்திய அரசே வென்றது. 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது: மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சாப் பழக்கம் 'நன்னடத்தை' நிபந்தனைக்குத் தடையாகலாம். நேர்காணலில் கேட்டால் பொய் சொல்வது அதைவிடப் பெரிய ஆபத்து. வலியில் துடிப்பவரை இப்படி இரண்டு சட்டங்களுக்கு நடுவில் நிறுத்துவது அநியாயம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த அநியாயத்துக்கு உங்கள் குடும்பம் விலை கொடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். கீமோவால் வரும் நரம்பு எரிச்சலுக்கு டுலாக்ஸெடின் கொடுப்பதுண்டு, அதைப் பார்த்தாயிற்றா? அப்புறம், ட்ரோனபினால் என்ற மாத்திரை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற அதே பொருள், ஆய்வகத்தில் செய்தது. கீமோ வாந்திக்கு 1985 முதலே மத்திய அனுமதியுள்ள மருந்து, சீட்டு எழுதி மருந்துக்கடையில் வாங்கலாம். எரிச்சலுக்குக் கேட்குமா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அமெரிக்க அட்டையோடு கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாயை (gummy) சென்னைக்குக் கொண்டு வரலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கூடவே கூடாது. இங்கே இந்தியாவில் அப்படி ஒரு நோயாளி அட்டையே கிடையாது, வெளிநாட்டு அட்டையும் செல்லாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் நாட்டுக்குள் கடத்தி வருவது தனிக் குற்றம். பாங் (bhang) எனப்படும் கஞ்சா இலைக்கு அந்தச் சட்டம் விலக்கு தருகிறதே என்பீர்கள். அந்த விலக்கு இலைக்கும் விதைக்கும்தான், பூவுக்கும் பிசினுக்கும் இல்லை. மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்தால் டாக்டர் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.