‘கம்பெனி ஆட்களே பாடம் எடுக்கிறார்கள்’: ஃபீஸ் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இன்ஜினியரிங் கல்லூரி தேடும் பெற்றோருக்கு இந்த வரி பழகியிருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை யாரோ வந்து பிபிடி ஓட்டி, பொன்னாடை வாங்கிக்கொண்டு போவதையும் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அது கெஸ்ட் லெக்சர். இணைந்து கற்பிப்பதென்றால், ஒரே பாடத்தைப் பேராசிரியரும் தொழிலில் இருப்பவரும் செமஸ்டர் முழுக்கப் பங்கிட்டு நடத்த வேண்டும்.

முப்பந்தல் காற்றாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டருக்கு 1,500 சுற்று வேண்டும். வேகத்தை 75 முதல் 100 மடங்கு ஏற்றுவது நடுவில் உள்ள கியர்பாக்ஸ். பல் கணக்கையும் பேரிங் தாங்கும் பளுவையும் பேராசிரியர் போர்டில் போடுவார். கியர் ஆயிலில் இரும்புத்தூள் தட்டுப்பட்டால் அடுத்து என்ன பார்க்க வேண்டும், அதிர்வு வரைபடம் எப்படி மாறும் என்று பராமரிப்பு இன்ஜினியர் காட்டுவார். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால்தான் பிள்ளை மனதில் ஒட்டும்.

இங்கேதான் சிக்கல். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்துவிட்டால் அந்த இன்ஜினியரால் ஆலையை விட்டு நகர முடியாது; மிஷின் நின்றால் நஷ்டம். அந்தப் பாடத்தை, கல்வியாண்டின் முதல் பாதியில் வரும் ஒற்றைப்படை செமஸ்டரில் வைத்தால் டைம்டேபிளில் பெயர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்க மாட்டார். ஜனவரிக்குப் பிறகு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பிஎச்டி இல்லாதவர் எப்படிப் பாடம் எடுப்பார் என்ற தயக்கம் வேண்டாம். தொழில் அனுபவம் உள்ளவரைப் பேராசிரியராக நியமிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் கொண்டுவந்த ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ வழிகாட்டுதலில் பட்டம் கட்டாயமில்லை. துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் வேண்டும். மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி நியமிக்கக் கூடாது.

மார்க் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரியில் செமஸ்டர் கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும். கம்பெனிக்காரர் சாஃப்ட்வேர் மட்டும் சொல்லிக்கொடுத்து, சிலபஸில் பாதி யூனிட் விட்டுப்போனால் அரியர் விழுவது உங்கள் பிள்ளைக்குத்தான். எந்த யூனிட் யாருக்கு, இன்டர்னல் மார்க் போடுவது யார், கம்பெனிக்காரர் வராத நாளில் என்ன ஏற்பாடு என்பதெல்லாம் லெசன் பிளானில் இருக்கும். காட்டச் சொல்லுங்கள்.

காட்டத் தயங்கினால் கேன்டீன் பக்கம் போய் மூன்றாம் வருடப் பையன் ஒருவனிடம், “அந்த சாரு கடைசியா எப்ப வந்தாரு மக்கா?” என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறலாம்.