இன்டர்வியூ வரை அந்த போன் அவரிடமே இருக்கட்டும்

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்த உங்கள் மகளுக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு (க்யூ.சி.) ஆய்வகத்தில் டிரெய்னி வேலை. "அடுத்த வாரம் இன்டர்வியூ, இப்பவும் போனும் கையுமாவே இருக்கா, பிடுங்கி வச்சிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் எதைப் பார்க்கிறார் என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள்.

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' வீடியோக்கள் ஒன்றிரண்டு போதும். அதில் வரும் 'ஹார்ட் வொர்க்கர், குயிக் லேர்னர்' வசனத்தைத்தான் அன்று வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் ஒப்பிப்பார்கள். அந்த நேரத்தில், மருந்து மாதிரியில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி எப்படி ஓடுகிறது என்று யூடியூபில் பார்க்கட்டும். கல்லூரியில் அதைத் தொட வாய்ப்பே கிடைக்காத பிள்ளைகள் நிறைய. "நான் ஓட்டியதில்லை சார், வேலை செய்யும் விதம் தெரியும்" என்று சொல்லிவிட்டு விளக்கினால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது லிங்க்ட்இன், வேலை தொடர்புகளுக்கான சமூக வலைதளம். இங்கேதான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். கணக்கு தொடங்குவார்கள், அதோடு சரி. நிறுவனத்தின் பக்கத்தில் கடந்த ஓராண்டுப் பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். புதுப் பிரிவு தொடங்கியிருப்பார்கள், தணிக்கை முடிந்ததைப் போட்டிருப்பார்கள், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் படங்கள் இருக்கும். ரசாயன ஆலையில் பாதுகாப்பு பற்றிக் கேட்காமல் விட மாட்டார்கள். அமிலம் மேலே பட்டால் முதலில் என்ன செய்வாய், ஒரு ரசாயனத்தின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளில் என்னென்ன இருக்கும் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

அதே தளத்தில் அவர் படித்த கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கும். அங்கே நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், அங்கு வேலை பார்க்கும் சீனியர்கள் தெரிவார்கள். யாராவது கிடைத்தால் இப்படி எழுதலாம்: "வணக்கம் அக்கா. நானும் நம் காலேஜ் கெமிஸ்ட்ரிதான். வரும் வாரம் உங்கள் கம்பெனியில் க்யூ.சி. இன்டர்வியூ. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் சில மாதம் என்ன வேலை தருவார்கள் என்று சொல்ல முடியுமா?" ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான். என்ன கேட்பார்கள் என்று கேட்கக் கூடாது, சிபாரிசு கேட்கவே கூடாது. பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பவும் வேண்டாம். இன்டர்வியூ எடுப்பவரின் பெயர் தெரிந்தால் லிங்க்ட்இனில் அவர் பக்கத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. பார்த்தது அவருக்குத் தெரிய வரலாம், வந்தால் வரட்டும். ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு மட்டும் வேண்டாம்.

ஊழியர்கள் தங்கள் கம்பெனியைப் பற்றி எழுதும் ஆம்பிஷன்பாக்ஸ் தளத்தின் மதிப்புரைகளைப் பாதி நம்பலாம். கோபத்தில் வெளியேறியவர்களும் அங்கேதான் எழுதுகிறார்கள். ஷிஃப்ட் நேரம், கம்பெனி பஸ் போன்ற விஷயங்களைப் பலரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டு நேரில் கேட்கலாம்.

அவருடைய சொந்தக் கணக்குகளையும் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளை மொத்தமாக 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்ற ஒரு வசதி உண்டு. இன்ஸ்டாகிராமைப் பூட்டி வைக்கலாம். பலரும் மறப்பது வாட்ஸ்அப் டிபி. ஹெச்.ஆர். அதில்தான் இடமும் நேரமும் அனுப்புவார். பிடித்த நடிகர் படம் ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "கேட் பாஸுக்கு, யூனிஃபார்முக்குப் பணம் கட்டுங்கள், வேலை உறுதி" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நெய்வேலி என்.எல்.சி. பெயரைச் சொன்னாலும் இதே பதில்தான். அவர்கள் ஆள் எடுத்தால் அறிவிப்பு அவர்களுடைய இணையதளத்திலேயே வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

அப்புறம், நீங்களும் கூட வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியில் கூட்டிப்போய் கேட்டில் இறக்கிவிடுங்கள். உள்ளே வந்து ஹெச்.ஆரிடம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அதை அவரே கேட்டுக்கொள்வார்.