பின் ஆக்சில்: கோணல் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஜிப்ஸியை ஆட்டோகிராஸுக்கு (மண் தடப் பந்தயம்) தயார் செய்கிறோம். போன பந்தயத்தில் மேடு ஏறி விழுந்ததிலிருந்து ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. முன் அலைன்மென்ட் சரியாக இருக்கிறது. ஸ்க்ரூட்டினியில் (பந்தய வண்டிச் சோதனை) பின் ஆக்சிலையும் பார்ப்பார்கள் என்கிறார்கள். வீட்டிலேயே அளந்து பார்க்க வழி உண்டா ஐயா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்டு. தூண்டில் நரம்பு, தூக்குக்குண்டு, ஸ்டீல் ஸ்கேல், கொத்தனாரின் டியூப் லெவல், 1 மீட்டர் நீள அலுமினிய சேனல் இரண்டு இருந்தால் போதும்.

பின்பக்கக் கோணல் மூன்று வகை. ரிம்மோ ஆக்சில் ஷாஃப்டோ பெண்டாகியிருக்கலாம். ஹவுசிங் (ஷாஃப்டை மூடியிருக்கும் குழாய்) வளைந்திருக்கலாம். ஹவுசிங் நேராகவே இருந்து, வண்டிக்கு அடியில் குறுக்காக உட்கார்ந்திருக்கலாம். ஓட்டிப் பார்த்து மட்டும் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செய்யவேண்டிய வேலை மட்டும் வேறு வேறு. அதனால் பிரித்துப் பார்க்காமல் எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

முதலில் தரை. கொப்பரை காயப்போடும் சிமென்ட் களம் சமமாகத் தெரியும், ஆனால் மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். நான்கு டயர் நிற்கும் இடத்தையும் டியூப் லெவலில் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தரை ஓட்டுத் துண்டு வைத்துச் சமன் செய்யுங்கள். பின் டயர் இரண்டிலும் ஒரே காற்று. டிரைவர் சீட்டில் அவர் எடைக்கு மணல் மூட்டை. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அமுங்கும்போது நீளும், நீண்டால் ஆக்சிலும் நகரும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் ஆக்சில் லேசாகத் திரும்பும். மூட்டை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பிறகு வண்டியை நாலடி முன்னும் பின்னும் தள்ளி நிறுத்துங்கள், புஷ்கள் தம் இடத்தில் உட்காரும்.

அடுத்தது நடுக்கோடு. இதை வீலிலிருந்து எடுக்கக் கூடாது, சேஸிஸிலிருந்து எடுக்க வேண்டும். முன் பட்டை, பின் பட்டை இரண்டையும் சேஸிஸோடு பிணைக்கும் முன்முனை போல்ட்டுகளிலிருந்து, இரு பக்கமும், தூக்குக்குண்டு இறக்கித் தரையில் நான்கு புள்ளி குறியுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருந்தால் சேஸிஸ் சதுரம் கெடவில்லை. கெட்டிருந்தால் ஆக்சிலை விட்டுவிட்டு அதை முதலில் பாருங்கள். சமமானால் முன் ஜோடியின் நடுவையும் பின் ஜோடியின் நடுவையும் சேர்த்துச் சாக்பீஸ் நூல் அடியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 850 மி.மீ. தள்ளி, பின் வீலின் மைய உயரத்தில், நரம்பை இழுத்துக் கட்டுங்கள். வீலை ஒட்டி நரம்பைக் கட்டுபவர்கள் முன் பின் டிராக் (இடது, வலது வீல்களின் இடைத்தூரம்) வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். ஜிப்ஸியில் பின் டிராக் 10 மி.மீ. அதிகம். ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. என்ற அந்தக் கணக்கு தவறினால் நல்ல ஆக்சிலும் கோணலாகத் தெரியும்.

முன் வீலுக்கு ஆப்பு வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்பக்கம் ஜாக்கி போட்டு ஸ்டாண்டுகளை ஹவுசிங்குக்கு அடியில் வையுங்கள். சேஸிஸுக்கு அடியில் வைத்தால் பட்டை தொங்கிப்போகும். டயர் பக்கவாட்டில் உப்பியிருக்கும் என்பதால், ரிம் விளிம்புக்கும் சேனலுக்கும் நடுவில் ஒரே கனத்தில் இரண்டு மரக்கட்டை கொடுத்துச் சேனலைப் படுக்கையாகப் பிடியுங்கள். நரம்புக்கும் சேனலின் முன்முனைக்கும் உள்ள தூரத்திலிருந்து, பின்முனைத் தூரத்தைக் கழியுங்கள். விடை கூட்டல் என்றால் டோ-இன் (வீலின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது), கழித்தல் என்றால் டோ-அவுட் (வெளியே திரும்பியிருக்கிறது).

இனிமேல்தான் முக்கியமான வேலை. வீலைக் கையால் சரியாக அரைச் சுற்றுத் திருப்பி, சேனலை மறுபடி வைத்து அளவெடுங்கள். முதல் அளவு +5, இரண்டாவது −1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சராசரி +2. அது வீல் சுற்றியும் மாறாத பங்கு, ஹவுசிங்கைச் சேர்ந்தது. மீதி 3 வீலோடு சேர்ந்து சுற்றுகிறது, ரிம் அல்லது ஷாஃப்டைச் சேர்ந்தது. நல்ல ரிம் ஒன்றை மாட்டி மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரு பக்கச் சராசரியும் கிடைத்ததும் கூட்டுங்கள். பூஜ்யம் வராவிட்டால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. இடது −4, வலது +4 என்று வந்தால் கூட்டல் பூஜ்யம். ஹவுசிங் நேர், ஆனால் ஆக்சில் திரும்பி நிற்கிறது. 1310 மி.மீ. டிராக்கில் அது வீல்பேஸில் (முன், பின் வீல்களின் இடைத்தூரம்) இரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 5 மி.மீ. வித்தியாசம், 0.23 டிகிரி. ஒரு பக்கம் மட்டும் வளைந்த ஹவுசிங்கும் இரு பக்க அளவை வேறாகக் காட்டும் என்பதால், பின் பட்டையின் முன் போல்ட்டிலிருந்து ஹவுசிங் வரை இரு பக்கமும் அளந்து உறுதி செய்யுங்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பின் வீல்கள் இடப்பக்கம் பார்க்கின்றன. வலப்பக்கம் முன்னே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடப்பக்கம் பின்னே போயிருக்க வேண்டும்.

விழுந்த வண்டியில் முதல் சந்தேகம் பட்டையின் சென்டர் போல்ட், அதாவது ஆக்சில் பட்டையில் இடம் மாறாமல் பிடிக்கும் நடு போல்ட். அது அறுந்தால் ஆக்சிலைப் பிடித்திருப்பது யூ போல்ட்டின் இறுக்கம் மட்டுமே. பட்டைக்கும் இருக்கைத் தகட்டுக்கும் நடுவே துருவில்லாமல் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. மெயின் பட்டையில் விரிசல், புஷ் தேய்மானம், இருக்கைத் துளை அகன்றிருப்பது, இவற்றையும் பாருங்கள். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதியதை, வண்டி எடை டயரில் நிற்கும்போது, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி: ஷாக் அப்சார்பருக்கு ஹவுசிங்கின் பின்முகத்தில் புது பிராக்கெட் வெல்டிங் வைத்தோம். அதற்குப் பிறகு இடப்பக்க ஆயில் சீல் இரண்டு தடவை போய்விட்டது. சீல் மட்டமானதா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: சீலைக் குறை சொல்லாதீர்கள். வெல்டிங் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி, குழாயின் நுனியைத் தன் பக்கம் இழுக்கும். பின்முகத்தில் வைத்தால் வீல் டோ-அவுட் ஆகும், முன்முகம் என்றால் டோ-இன். மேல்முகத்தில் வைத்தால் வீலின் தலை உள்ளே சாயும், அடியில் என்றால் வெளியே சாயும். நுனி நகர்ந்ததும் ஷாஃப்ட் சீலின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக அழுத்தும். உதடு தேயும், ஆயில் டிரம்முக்குள் போகும், பிரேக் பிடிக்காது. அப்படியே வண்டியை ஓட்டாதீர்கள்.

ஷாஃப்டுகளைக் கழற்றி, கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) இல்லாத வெறும் கேரியரை (அதைத் தாங்கும் கூடு) மாட்டி, கேரியர் பேரிங் இருக்கைகளிலும் இரு நுனி பேரிங் இருக்கைகளிலும் கடைசல் புஷ் போட்டு ஒரே நேர் ராடைச் செருகிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் போனால் ஹவுசிங் நேர். போகாவிட்டால் பிரஸ்ஸில் நிமிர்த்த வேண்டும். கோவை லேத் பட்டறைகளுக்கு இது புதிய வேலை அல்ல. அடுத்த முறை ராடு உள்ளே இருக்கும்போதே, சிறு சிறு துண்டாக, ஆற விட்டு ஆற விட்டு வெல்டிங் வையுங்கள்.

கேள்வி: பின் ஹவுசிங்கை வேண்டுமென்றே லேசாக வளைத்து நெகட்டிவ் கேம்பர் (வீலின் தலை உள்ளே சாய்வது) வைத்தால் வளைவில் கிரிப் கூடுமாமே? கண்ணுக்குத் தெரியாது என்கிறார்களே?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: கிரிப் கூடும் என்பது உண்மை. ஆனால் தயாரிப்பு வண்டிப் பிரிவுகளில், விதியில் வெளிப்படையாக அனுமதிக்காத மாற்றம் எதுவும் தடைதான். வளைத்த ஹவுசிங்கில் ஷாஃப்டின் ஸ்ப்ளைனும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பந்தயத்தின் நடுவில் ஷாஃப்ட் முறிந்தால் பக்கத்தில் ஓட்டுபவருக்கும் ஆபத்து. தெரியாது என்பதும் தவறு. 15 அங்குல ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், 1 டிகிரி சாய்வுக்கு மேலும் கீழும் 7 மி.மீ. வித்தியாசம் காட்டும். ஸ்க்ரூட்டினியர் கையில் அதற்கான ஸ்கேல் இருக்கும். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் 2018 முதல் கேமராவால் வண்டியை ஸ்கேன் செய்தே பார்க்கிறார்கள். உங்கள் பிரிவின் விதிநூலில் எவ்வளவு விலகல் அனுமதி என்று பார்த்து, அதில் பாதிக்குள் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூட்டினி நடக்கும் தரை நீங்கள் சமன் செய்து அளந்த தரையைப் போலச் சமமாக இருக்காது, மீதிப் பாதி அதற்கு வேண்டும்.