பிரிட்டிஷ் படையான ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் இரண்டாம் உலகப் போரில் குதிரையில் சண்டை போட்டதா, டாங்கியிலா?

குதிரையோடு கிளம்பியது, சண்டை போட்டது டாங்கியில். நடுவில் கொஞ்ச காலம் பீரங்கி வேலையும் பார்த்தது.

1794-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் தொடங்கிய தன்னார்வக் குதிரைப்படை இது. இத்தகைய 'யோமன்றி' படைகளில் நில உரிமையாளர்களும் விவசாயிகளும் சேர்ந்தார்கள். பலர் வேட்டைக்கும் பண்ணைக்கும் வைத்திருந்த சொந்தக் குதிரையிலேயே வருவார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் முக்கிய ஆயுதம் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. கூடவே 1908 மாதிரி வாள். அது வெட்டுவதற்கானது அல்ல, பாய்ந்துவரும் வேகத்தில் குத்துவதற்கென்றே செய்த நேரான வாள்.

அடுத்த போர் வந்தபோதும் குதிரைகளோடுதான் பாலஸ்தீனம் போனார்கள். 1940-இல் குதிரைகள் பறிபோயின. லிபியாவின் டோப்ருக்கிலும் கிரேக்கத் தீவான கிரீட்டிலும் கரையோரப் பீரங்கிகளை இயக்கினார்கள். அப்புறம்தான் டாங்கி. 1942-இல் எகிப்தின் எல் அலமைனில் நடந்த சண்டையில் கிராண்ட், ஷெர்மன், குரூசேடர் என்ற மூன்று வகை டாங்கிகளும் இவர்களிடம் இருந்தன. கிராண்டின் 75 மி.மீ. பீரங்கி, டாங்கி உடலின் பக்கவாட்டில் இருந்ததால் எல்லாத் திசைக்கும் திரும்பாது. ஷெர்மனில் அந்தக் குறை இல்லை.

1944 ஜூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கியபோது, அங்கே 'கோல்டு' என்று பெயரிட்ட கடற்கரைக்கு இவர்கள் கொண்டுவந்தது நீந்தும் ஷெர்மன்! சுற்றிலும் கித்தான் திரையை உயர்த்தினால் மிதக்கும், பின்னால் இரண்டு சுழல்விசிறிகள் தள்ளும். பெரிய அலையில் கித்தான் தாங்காது. அன்று கடல் கொந்தளித்ததால் கரைக்கு மிக அருகில் வந்த பிறகே டாங்கிகளை இறக்கினார்கள்.