சிபேலியஸ் கான்செர்ட்டோ வாசிக்கிறேன், ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வேலை சுலபமாகக் கிடைக்குமா?

கிடைக்காது. கேள்வியில் "சோலோவாகப் போக முடியாவிட்டால் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கவே இருக்கிறது" என்று ஒரு வரி இருக்கிறது. இந்தப் பதில் இவ்வளவு நீளமாகப் போவதற்கு அந்த வரிதான் காரணம். திறமையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சிபேலியஸின் கான்செர்ட்டோவை, அதாவது ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, வாசிக்கும் கை உங்களிடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆடிஷனுக்கு வரும் எல்லோரிடமும் அந்தக் கை இருக்கிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ஓர் இடம் காலியானால் நூறு பேருக்கு மேல் விண்ணப்பிப்பது சாதாரணம்.

முதல் சுற்று பெரும்பாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது. மோட்சார்ட்டின் 3, 4, 5-ஆம் கான்செர்ட்டோக்களில் ஒன்றின் தொடக்கம், பல இடங்களில் ஒரு ரொமான்டிக் கான்செர்ட்டோவின் சில பக்கங்கள், பிறகு ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகள், அதாவது ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளில் வயலின் வரியின் கடினமான துண்டுகள். ஆளைத் தள்ளுவது கடைசியில் சொன்னதுதான். பட்டியல் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே: ஸ்ட்ராஸின் 'டான் யுவான்' முதல் பக்கம், மோட்சார்ட் 39-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதி, ஷூமன் 2-ஆம் சிம்பொனியின் ஸ்கெர்ட்ஸோ (துள்ளலான வேகப் பகுதி), மெண்டல்ஸோனின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஸ்கெர்ட்ஸோ.

இவற்றையே திரும்பத் திரும்பக் கேட்பது சோம்பலால் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறையைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். 'டான் யுவான்' ஆரம்பத்தில் மேலே பாயும் வேக ஸ்வரங்களில் எல்லோரும் உச்சி ஸ்வரத்தையே குறிவைத்துப் போவார்கள். உச்சி சரியாக விழும், வழியில் இருக்கும் நான்கைந்து ஸ்வரங்கள் குழைந்துவிடும். அதைவிட மோசம், அடுத்து வரும் மூன்றன் கூட்டங்களும் (சமமான மூன்று ஸ்வரங்கள்) புள்ளி வைத்த தாளங்களும் (நீண்டதும் குறுகியதுமான ஸ்வரங்கள்) ஒன்றுபோலவே கேட்கும். தேர்வுக் குழு உச்சி ஸ்வரத்தின் சுருதி கொஞ்சம் பிசகினாலும் பொறுக்கும், தாளம் கலங்கினால் பொறுக்காது. மோட்சார்ட் 39-இல் முதல் எட்டுப் பட்டையும் (பட்டை என்பது தாளக் கணக்கில் ஒரு சுற்று) மெல்லிய ஒலி, ஒன்பதாவதில்தான் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சத்தமாக நுழைகிறது. பதற்றத்தில் முதல் பட்டையிலேயே நடுத்தர ஒலியில் தொடங்கிவிட்டால் ஒன்பதாவது பட்டையில் ஏற இடமே இருக்காது. ஷூமனில் பதினாறாம் பங்கு ஸ்வரங்கள், அதாவது மிகக் குறுகிய வேக ஸ்வரங்கள், கிட்டத்தட்ட நிற்காமல் ஓடுகின்றன. தோள் இறுகினால் இரண்டாம் வரியிலேயே காலப்பிரமாணம் முன்னால் ஓடும், கடைசியில் வேகம் கூட்ட வேண்டிய இடத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பயிற்சிக்கு நடைமுறையில் பயன்படும் வழி இது. முதலில் எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள முழு ஸ்கோரை வைத்துக்கொண்டு, உங்கள் வரி ஓடும்போது புல்லாங்குழலும் செல்லோவும் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தனியாக வாசித்தாலும், மற்ற வாத்தியங்கள் உங்கள் மனதில் ஓடுகின்றனவா என்பது குழுவுக்குக் கேட்டுவிடும். அடுத்து பாதி வேகத்தில், விப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைப்பது) இல்லாமல் சுருதி. அதன்பின் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) ஒவ்வொரு அடிக்கும் தட்ட விடாதீர்கள், இரண்டு பட்டைக்கு ஒரு தட்டு போதும். இடைவெளியில் எங்கே ஓடுகிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். கடைசி இரண்டு வாரம், பகுதிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, கை சூடேறாமல், ஒரே தடவை வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஆடிஷன் அன்றும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

வாசிப்பவர் யார் என்று குழுவுக்குத் தெரியாமல் மறைக்கத் திரை வேறு உண்டு. பாஸ்டன் சிம்பொனி 1952-இலேயே திரை போட்டது, 1970-களுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவலானது. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருக்கத் தரையில் கம்பளமும் விரிப்பார்கள். கடைசிச் சுற்றில் சில இடங்களில் திரையை எடுத்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு அத்தனை கம்பளம் என்று கேட்கத் தோன்றும். சொந்தச் செலவில் விமானம் ஏறி வந்தவர்கள் எல்லோரையும் கேட்டுவிட்டு, "இம்முறை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை" என்று அறிவிக்கும் வழக்கமும் இருக்கிறது. விதிப்படி சரிதான்.

தேர்வானாலும் கதை முடிந்துவிடாது. ஓரிரு ஆண்டுகள் சோதனைக்காலம். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் சக கலைஞர்களே வாக்களித்துத்தான் நிரந்தரமாக்குகிறார்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் சேர, முதலில் அங்குள்ள அரசு ஒபேரா ஆர்க்கெஸ்ட்ராவில் மூன்று ஆண்டுகள் வாசித்திருக்க வேண்டும்.

சோலோ பழக்கம் பிரச்சினையாவது இந்தச் சோதனைக்காலத்தில்தான். முழு அளவு ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16 பேர், பெரும்பாலும் கீழ்க்குரலை வாசிக்கும் இரண்டாம் வயலின் 14 பேர், இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இருவர். தனியாகக் கேட்கும் குரல் அங்கே குற்றம். சுருதி சரியாக இருந்தாலும், முன்னால் இருப்பவர்கள் வில்லின் நுனியில் வாசிக்கும்போது நீங்கள் நடுவில் வாசித்தால் உங்கள் ஒலி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வில்லைக் கீழே இழுப்பதா மேலே தள்ளுவதா என்பதை முதல் வயலின்களின் தலைவரான கன்சர்ட்மாஸ்டர் முடிவு செய்வார், உங்களுக்குப் பிடித்ததைச் செய்ய முடியாது. பின்வரிசையில் இன்னொரு சிக்கல். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. முதல் ஸ்டாண்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அவர்கள் ஒலி உங்களை எட்ட கிட்டத்தட்ட 30 மில்லி விநாடி. அதைக் காதால் கேட்டுச் சேர்ந்து வாசித்தால், அரங்கத்துக்கு நீங்கள் எப்போதும் தாமதம். பின்வரிசைக்காரர் காதை நம்பாமல், முன்னால் இருப்பவரின் வில்லைக் கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டும். பல வருடம் கண்ணை மூடி உருகி வாசித்தவர்களுக்கு இது லேசில் வராது.

சின்ன விஷயங்களும் உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஸ்டாண்டில் உள்பக்கம், அதாவது ரசிகர்களிடமிருந்து தள்ளி, இருப்பவர்தான் பக்கம் புரட்ட வேண்டும், பென்சிலில் வில் குறிகளும் எழுத வேண்டும். வரி இரண்டாகப் பிரிந்தால், வேறு குறிப்பு இல்லாதவரை, வெளிப்பக்கத்தவர் மேல் வரி, உள்பக்கத்தவர் கீழ் வரி. பேனாவை எடுத்தால் நூலகப் பொறுப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருங்கள். ஓய்வுப் பட்டைகளை எண்ணும்போது சந்தேகம் வந்தால் நுழையாமல் இருப்பதே மேல். பதினாறு பேரில் ஒருவர் குறைந்தது யாருக்கும் தெரியாது, ஒரு பட்டை முன்னால் நுழைந்தது எல்லோருக்கும் கேட்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். "இரண்டாம் வயலின் என்றால் முதல் வயலினில் இடம் கிடைக்காதவர்கள்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை, வாசிக்கத் தெரிந்தவர்களே பேசுகிறார்கள். மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' ஒபேராவின் முன்னிசையில் வேகப் பகுதியைத் தொடங்குவது இரண்டாம் வயலின்கள். ஸ்மெட்டனாவின் 'பார்ட்டர்ட் ப்ரைட்' ஒபேரா முன்னிசையிலும் மற்றவர்கள் அடங்கியதும் அந்த ஓட்டத்தை அவர்கள்தான் முதலில் எடுக்கிறார்கள், ஒளிந்துகொள்ள மெட்டு எதுவும் மேலே இருக்காது. வயலினின் தாழ்ந்த கம்பியான ஜி கம்பியில் நடுக் குரலைத் தெளிவாக வாசிப்பதும், அடி தவிர்த்து அரை அடியில் மட்டும் விழும் ஸ்வரங்களைப் பத்து நிமிடம் பிசகாமல் போடுவதும் தனி வித்தை. ஆடிஷன் விளம்பரத்தில் "இரண்டாம் வயலின்" என்று பார்த்து முகம் சுளிப்பவர் விண்ணப்பிக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

உடம்பு பற்றி ஒன்று மட்டும். கழுத்து, தோள் வலியை எல்லோரும் எச்சரிப்பார்கள், காதை மறந்துவிடுவார்கள். வயலின் இடது காதுக்கு அடியிலேயே ஒலிக்கிறது, பின்னால் பித்தளை வாத்தியங்கள் வேறு. லண்டன் ராயல் ஒபேரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையின்போது பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா (வயலினை விடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்) கலைஞர் ஒருவர் காது பாதிப்புக்காக வழக்குப் போட்டு, 2018-இல் வென்றார். கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான் உயர் ஒலிகளை மட்டும் அதிகமாக அடைத்துவிடும், வில் கம்பியில் உரசும் சத்தம் கேட்காமல் அழுத்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும் வடிகட்டி உள்ள, காதுக்கு அளவெடுத்துச் செய்யும் அடைப்பானை வாங்குங்கள். முதலில் வீட்டுப் பயிற்சியில் இடது காதுக்கு மட்டும் போட்டுப் பழகுங்கள். பழக்கமில்லாமல் நேராக ஒத்திகையில் போட்டால் பக்கத்து ஸ்டாண்டு கேட்காது, சுருதி போகும்.