வாசகர் கேள்வி - பதில்: வீல்சேரும் விமானமும்

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயசுங்க. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இடது பக்கம் தளர்ச்சி. ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா நாலு எட்டு வெப்பார், படி ஏற முடியாது. கோயமுத்தூர்ல இருந்து டெல்லிக்குக் கல்யாணத்துக்குப் போறோம். நாங்க ரெண்டு பேர், மூணு வயசுப் பையன், மாமியாரும் கூட வர்றாங்க. டிக்கெட் எடுக்கும்போது ‘வீல்சேர்’னு டிக் பண்ணுனா போதுங்களா?
- பெருந்துறை வாசகி

போதாது. விமான நிலையத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒற்றை டிக்கில்தான் தொடங்குகின்றன. விமான நிறுவனங்கள் வீல்சேர் உதவியை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால், படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க மட்டும் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால், படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை தானே நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால், இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். எதுவும் குறிப்பிடாமல் பதிவு செய்தால் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் விழும். அன்றைக்கு ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து நேரே விமானக் கதவுக்குப் போகும் நடைபாலம்) கிடைக்காமல் விமானம் தள்ளி நின்றால், பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “ஏறிடுவார்தானே?” என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் பட்டியல் அப்படித்தான் சொல்லும்.

உங்கள் மாமனாருக்கு மூன்றாவது வகையைக் கேளுங்கள். நாலு எட்டு நடப்பவர்தானே என்று இரண்டாவதைப் போட வேண்டாம். விமானக் கதவிலிருந்து ஐந்தாவது வரிசைக்குப் போகவே அதைவிடக் கூடுதலாக நடக்க வேண்டும். அந்த நடைபாதையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க இடமும் இல்லை, அதனால் பக்கவாட்டில் நின்று யாரும் பிடித்துக்கொள்ள முடியாது. அதற்கென்றே குறுகலான ஒரு நாற்காலி உண்டு. ஐல் சேர் என்பார்கள். அதில் மாற்றி உள்ளே கொண்டுபோவார்கள்.

டிக்கெட் போட்டதும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்து வகையைச் சொல்லி, அதை டிக்கெட்டிலேயே ஏற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு வரி எழுதி வையுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். டிராவல்ஸ் மூலம் எடுத்திருந்தாலும் இந்த அழைப்பை நீங்களே செய்யுங்கள். இடையில் விட்டுப்போவது அங்கேதான். ஐந்து பேருக்கும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், விமானம் ரத்தாகி மாற்று விமானம் தரும்போது மாமனாரை ஒன்றிலும் துணையாள்களை இன்னொன்றிலும் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

இருக்கை விஷயத்தில் எல்லோரும் முதல் வரிசையைக் கேட்கிறார்கள். கால் நீட்ட வசதிதான். ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் பெரும்பாலும் கைப்பிடி மேலே தூக்க வராது. ஐல் சேரிலிருந்து பக்கவாட்டில் நகர்த்த முடியாமல், ஆளைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்க வேண்டியதாகிவிடும். இரண்டிலிருந்து ஐந்தாவது வரிசைக்குள், நடைபாதைக் கைப்பிடி மேலே எழும்பும் இருக்கையாகக் கேளுங்கள். பல விமானங்களில் அந்தக் கைப்பிடிக்கு அடியில், கீல் அருகே ஒரு சின்ன விசை ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால்தான் தூக்க வரும். சிப்பந்திக்கே நினைவில்லாமல் போகலாம், நீங்கள் கேளுங்கள். அவசர வழி வரிசை தர மாட்டார்கள். அவசரத்தில் மற்றவர்கள் வெளியேறத் தடையாகக் கூடாது என்று சில நிறுவனங்கள் ஜன்னலோரத்தில்தான் உட்கார வைக்கும். அப்படியானால் பக்கத்து இருக்கை உங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கட்டும். தளராத பக்கம் நோக்கி நகர்வது உங்கள் மாமனாருக்கு எளிது, அவருக்கு அது வலது. தூக்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தளர்ந்த இடது கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள், தோள் மூட்டு விலகிவிடும்.

டாக்டர் சான்று வேண்டுமா என்பது அடுத்த குழப்பம். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகி உடம்பு நிலையாக இருப்பவருக்குத் தேவையில்லை. சமீபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாலோ, ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, விமானத்தில் ஆக்சிஜன் வேண்டியிருந்தாலோதான் நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஊனத்தைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2022-இல் விதியைத் திருத்தியிருக்கிறது. பயணத்தில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், ஒரு மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகுதான் முடிவெடுக்கலாம். கவுன்ட்டரில் இருப்பவர் தன் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

அன்றைக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் போய் இறங்குங்கள். அவினாசி ரோட்டு நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வீல்சேர் வாசலுக்குத் தானாக வராது. ஒருவர் உள்ளே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்ல, இன்னொருவர் மாமனாரோடு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போனபின் வீல்சேரோடு பெரும்பாலும் ஒருவரைத்தான் முன்னுரிமை வரிசையில் விடுவார்கள். மாமனாரின் ஆதாரும் போர்டிங் பாஸும் அவரோடு போகிறவர் கையில் இருக்கட்டும்; பையனும் பைகளும் இன்னொருவரிடம். ஏறும்போது வீல்சேர்க்காரர் முதலில், இறங்கும்போது கடைசியில். டெல்லியில் மற்றவர்கள் முதலில் இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு பெல்ட் அருகே நிற்கட்டும். டாக்சிக்காரரை, விமானம் இறங்கி முக்கால் மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: செக்யூரிட்டியில் எங்க அமுச்சியை எழுந்து நிக்கச் சொன்னாங்க. நிக்கத்தான் வேணுங்களா?
- நாமக்கல் வாசகர்

வேண்டியதில்லை. நிற்க முடியாதவரை உட்கார்ந்தபடியே கையால் தடவிச் சோதிப்பார்கள். நாற்காலியையும் மெத்தையையும் துணிப்பட்டையால் துடைத்து வெடிமருந்துச் சோதனை செய்வார்கள். பெண்ணைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். தனியறை வேண்டுமென்றால் கேட்கலாம், வீட்டார் ஒருவர் கூட இருக்கலாமா என்றும் கேளுங்கள். “நிக்க முடியாதுங்க, கையையும் தூக்க முடியாதுங்க” என்று காவலர் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. மூத்திரப் பை, செயற்கைக் கால், உடம்புக்குள் வைத்த கம்பி எது இருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி பேட்டரி வீல்சேர் வெச்சிருக்கான். லித்தியம் பேட்டரி, 24 வோல்ட், 20 ஏ.எச். மும்பை போகணும். கொண்டுபோக விடுவாங்களா?
- திருப்பூர் வாசகர்

வோல்ட்டை ஏ.எச்.ஆல் (ஆம்பியர் அவர்) பெருக்கினால், பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவான வாட் அவர் கிடைக்கும். 24 × 20 = 480. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரே பேட்டரி என்றால் 300 வாட் அவர், இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160 வாட் அவர், அதுதான் உச்சம். ஆகவே உங்கள் தம்பியின் பேட்டரி கழற்றுகிற வகையாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். சண்டை போட்டும் பயனில்லை. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் பகுதியில் உடனே தெரியும், அணைக்க ஆளும் இருக்கிறது; அடியில் சரக்கோடு இருந்தால் தெரிவதற்கே நேரமாகும் என்பதால் வந்த விதி இது. அதே நாற்காலிக்கு 12 ஏ.எச். பேட்டரி கிடைக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள்: 24 × 12 = 288, தாராளமாகப் போகும். மடக்கு நாற்காலிகள் சிலவற்றில் 6 ஏ.எச். பேட்டரி இரண்டு வரும். ஒன்று 144 என்பதால் அதுவும் சரி. மாற்று பேட்டரியாக 300க்குள் ஒன்றோ, 160க்குள் இரண்டோ எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றவே முடியாதபடி நாற்காலியோடு கட்டமைக்கப்பட்ட பேட்டரிக்கு இந்த 300 வரம்பு இல்லை. முனைகள் மூடி, சுவிட்ச் தானாக இயங்காதபடி பூட்டி, அடியில் ஏற்றுவார்கள். ஜெல் பேட்டரியும் அப்படியே. எதுவானாலும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.

பேட்டரியின் மேல் ஒட்டிய எழுத்து அழிந்துபோயிருந்தால் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். தயாரிப்பாளரிடம் வோல்ட், ஏ.எச்., வாட் அவர் மூன்றும் போட்ட கடிதமும், லித்தியம் பேட்டரிக்கான யு.என்.38.3 பாதுகாப்புச் சோதனைச் சான்றும் வாங்கி வையுங்கள். அழைக்கும்போது நாற்காலியின் நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் சொல்லுங்கள். ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தின் சரக்குக் கதவு சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். முதுகுப்பலகை மடங்காத பெரிய நாற்காலியைச் சாய்த்துத்தான் நுழைப்பார்கள், சாய்க்கும்போதுதான் உடைகிறது.

நாற்காலியை ஒப்படைக்கும் முன் ஜாய்ஸ்டிக், மெத்தை, கால்மிதி, பக்கத்தடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒயரின் முனையை டேப் போட்டுச் சட்டத்தோடு கட்டுங்கள், தொங்கினால் சிக்கி அறுந்துவிடும். மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளும் நெம்புகோல் எங்கே என்று அம்புக்குறி போட்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தாள் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுங்கள். அது தெரியாதபோதுதான் நாற்காலியைத் தரையில் இழுக்கிறார்கள். காற்று டயரை இறக்க வேண்டியதில்லை, ஏ320-இல் சரக்கறையிலும் பயணிகள் பகுதியின் அதே காற்றழுத்தம்தான். ஸ்பானர், ஆலன் கீ எல்லாம் அடியில் போடும் பெட்டியில்; கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: எங்க பொண்ணுக்கு 11 வயசு, மூளை முடக்குவாதம். சேலத்துல இருந்தே ஐதராபாத் போயிடலாமா, கோயமுத்தூர் போறது நல்லதுங்களா?
- ஓமலூர் வாசகி

வீட்டுக்குப் பக்கத்திலேயே கமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கும்போது இப்படிக் கேட்கத் தோன்றும்தான். 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கிய சேலம் சேவையில் வருவது ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானம். ஏரோபிரிட்ஜ் கிடையாது, பயணிகள் ஏறும் கதவு விமானத்தின் பின்பக்கம். ஆகவே அதில் முன் வரிசை கேட்கக் கூடாது; கடைசி வரிசைகள்தான் கதவுக்குப் பக்கம். சாய்தளமோ, வீல்சேரோடு ஆளை விமானக் கதவு வரை தூக்கும் ஆம்புலிஃப்ட் வண்டியோ அன்றைக்கு வருமா என்று 48 மணி நேரம் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வராது என்றால் கோயமுத்தூரே மேல். அங்கேயும் ஏரோபிரிட்ஜ் உறுதி என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், ஆனால் வாய்ப்பு அதிகம். 11 வயதுப் பிள்ளையைக் கைகளில் ஏந்தி ஏணிப்படி ஏற வேண்டாம். பிள்ளைக்குத் திடீரென்று உடம்பு விறைத்தால் இருவரும் சேர்ந்தே விழுவீர்கள்.

இன்னொன்று, ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையைச் சாய்க்க விட மாட்டார்கள். முதுகு நிற்காத பிள்ளை அந்த நேரத்தில் முன்னால் சரியும். மார்புப் பட்டை எதை அனுமதிப்பார்கள் என்று அதே அழைப்பில் கேளுங்கள். கழுத்துத் தலையணையும், சுருட்டி இரு விலாவிலும் வைக்க இரண்டு துண்டும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: என் மச்சானுக்கு முதுகுத்தண்டு அடி, இடுப்புக்கு மேலே இருந்தே கீழ்வரைக்கும் உணர்ச்சி இல்லை. மூத்திரம் போற கதீட்டர் குழாய் இருக்கு. சிங்கப்பூர் போறோம். நாலரை மணி நேரம் பாத்ரூமுக்கு என்ன பண்றது? புண்ணு வந்துடுமோன்னும் பயமா இருக்கு.
- பொள்ளாச்சி வாசகர்

பயம் நியாயமானது. புண்ணை முதலில் பார்ப்போம். அவருடைய மெத்தையை விமான இருக்கைமேல் போட்டு உட்கார வையுங்கள். அது காற்று மெத்தையாக இருந்தால் கவனம்: பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதுபோலக் குறைகிறது, மெத்தைக்குள் இருக்கும் காற்று விரிந்து கல்லாகிவிடும். அவருக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியாது. மேலே போனபின் கொஞ்சம் காற்றை விடுங்கள். உட்காரும் எலும்புக்கும் மெத்தையின் அடிக்கும் நடுவே அரை முதல் 1 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும், கையை விட்டுப் பாருங்கள். இறங்கும்போது இதற்கு நேர் எதிராக மெத்தை சப்பிவிடும். கைப்பம்ப் பையில் இருந்தால் மறுபடி அடிக்கலாம். இத்தோடு, அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிய வைத்தோ பக்கம் சாய்த்தோ எடையை மாற்றுங்கள்.

கழிப்பறைக்குள் இன்னொருவர் நுழைந்து உதவும் அளவு இடம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே போர்டிங் கேட்டிலேயே, காலில் கட்டும் சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு, இருக்கையில் உட்கார்ந்ததும் 2 லிட்டர் பையை இணைத்துப் போர்வைக்கு அடியில் வையுங்கள். சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், குழாயில் மடிப்பு விழாமல் பாருங்கள். மலம் கழிக்கும் வழக்கத்தை முந்தின நாளே முடிக்கப் பழக்குங்கள், பயண நாளில் புதிய மாத்திரை எதுவும் வேண்டாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள். பலரும் செய்வது அதுதான். கால் ரத்தக்கட்டும் சிறுநீர்த் தொற்றும் அதனால் வரும்.

அடி மார்பின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்: திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் கதீட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட், இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். உடனே சிப்பந்தியிடமும் சொல்லுங்கள்.

மருந்துகள் கைப்பையில், டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில். கோடீன் கலந்த வலி மருந்து, சில தூக்க மாத்திரைகளுக்குச் சிங்கப்பூர் முன் அனுமதி கேட்கும். டிக்கெட்டுக்கு முன்பே அதைப் பாருங்கள்.

கேள்வி: நாற்காலி சக்கரம் வளைஞ்சு வந்துச்சு. வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். நஷ்டம் கேக்க முடியுங்களா?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

முடியும், ஆனால் கடினம். பெல்ட் பகுதியை விட்டு வெளியேறும் முன்பே சேத அறிக்கை எழுதி வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ‘எங்களிடம் உடையவில்லை’ என்பார்கள். இனி, நாற்காலி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒப்படைக்கும் முன் எடுத்த படம் இருந்தால் அதையும், ரிப்பேர்க்காரரின் மதிப்பீட்டையும் சேருங்கள். உள்நாட்டுப் பயணத்தில் சுமைக்கான பொறுப்பு ரூ. 20,000 வரைதான். வெளிநாட்டுப் பயணத்தில் 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். விலை கூடிய நாற்காலி என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுத்தில் அறிவிக்கலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கக்கூடும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். டெல்லிக்கோ குர்கானுக்கோ அலைய வேண்டாம். இரண்டு வருடம் கெடு.

கேள்வி: வீல்சேர் தள்ளுறவருக்குக் காசு கொடுக்கணுமா?
- தாராபுரம் வாசகி

நடக்க முடியாதவருக்கு அது இலவச சேவை. தானாகக் கொடுப்பது உங்கள் விருப்பம். கேட்டால் கொடுக்கத் தேவையில்லை, நேரம், கேட் எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.